எடை குறைந்த, குளிர் தாங்கும் ஸ்லீப்பிங் பேக்: மூன்று பைகளும் அவற்றின் எண்களும்

ஸ்லீப்பிங் பேக்கின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் வெப்பநிலையை மட்டும் பார்த்து வாங்கியவர்கள்தான் விடியற்காலையில் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நடுங்குவார்கள். அந்த எண் பொய்யில்லை. ஆனால் பெரும்பாலும் அது உங்களுக்கான எண்ணும் இல்லை. எடையிலும் இதே சிக்கல் உண்டு. 700 கிராம்தான் என்று விளம்பரம் சொன்னால், எதைக் குறைத்து அந்த எடைக்கு வந்தார்கள் என்று கேட்க வேண்டும். மேல்துணியிலும் ஜிப்பிலும் அளவிலும் குறைத்திருந்தால் அது நல்ல வேலை. உள்ளே அடைக்கிற பொருளில் குறைத்திருந்தால், எடையோடு கதகதப்பும் போய்விட்டது என்று அர்த்தம்.

உறைநிலையை ஒட்டியும் அதற்குச் சற்றுக் கீழேயும் போகும் இரவுகளுக்காக மூன்று பைகளை இங்கே எடுத்துக்கொள்கிறோம்: வெஸ்டர்ன் மவுன்டனியரிங் அல்ட்ராலைட், தெர்ம்-அ-ரெஸ்ட் ஹைப்பீரியன் 20, என்லைட்டன்ட் எக்விப்மென்ட் ரெவலேஷன் 20. பெயரில் உள்ள 20 என்பது ஃபாரன்ஹீட். செல்சியஸில் ஏறக்குறைய மைனஸ் 7. மூன்றுமே ஒரு கிலோவுக்குக் கீழே. மூன்றிலும் குளிரைத் தடுப்பது பறவையின் மார்பில் இறகுக்கு அடியில் இருக்கும் மென்தூவி, கடையில் டவுன் என்று விற்பது. ஒவ்வொன்றும் எடையைக் குறைத்த விதம்தான் வேறு. அதைப் புரிந்துகொள்ள முதலில் லேபிளைப் படிக்கத் தெரிய வேண்டும்.

லேபிளில் இருப்பது என்ன

ஐரோப்பாவின் இஎன் 13537 தரம் 2002-இல் வந்தது; இப்போது அதன் இடத்தில் இருப்பது ஐஎஸ்ஓ 23537. குளிரறையில், உடல் முழுக்க வெப்பமூட்டியும் உணரியும் பொருத்திய ஒரு பொம்மையைப் பைக்குள் படுக்க வைத்துச் சோதிப்பார்கள். பொம்மைக்கு முழுக்கை உள்ளாடையும் முழங்கால்வரை காலுறையும் போட்டிருக்கும். கீழே நல்ல மேட் விரித்திருக்கும். இந்தச் சோதனையிலிருந்து கிடைப்பவை கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்ற எண்கள். கம்ஃபர்ட் என்பது சராசரிப் பெண் ஒருவர் உடலைத் தளர்த்திப் படுத்துக் குளிராமல் தூங்கும் நிலை. லிமிட் என்பது சராசரி ஆண் ஒருவர் உடலைச் சுருட்டிக்கொண்டு நடுக்கமில்லாமல் சமாளிக்கும் எல்லை. எக்ஸ்ட்ரீம் தூங்குவதற்கான எண்ணே அல்ல; ஆறு மணி நேரம் உயிர் தாங்கும், அப்போதும் விரல்கள் குளிரில் கருகிப்போகலாம்.

கம்ஃபர்ட்டுக்கும் லிமிட்டுக்கும் வழக்கமாக 5, 6 டிகிரி இடைவெளி இருக்கும். பையின் பெயரில் நிறுவனங்கள் போடுவது பெரும்பாலும் லிமிட்தான். ஹைப்பீரியன் 20 இதற்கு நேர் உதாரணம்: லிமிட் மைனஸ் 6, கம்ஃபர்ட் 0 டிகிரி. பெயரைப் பார்த்து மைனஸ் 7-க்குக் கொண்டுபோனால், ஒல்லியான உடம்புக்காரரும் நாள் முழுக்க நடந்து களைத்தவரும் சரியாகச் சாப்பிடாமல் படுத்தவரும் கட்டாயம் குளிரில் விழித்துக்கொள்வார்கள். ஆணோ பெண்ணோ, கம்ஃபர்ட் எண்ணை வைத்தே வாங்குங்கள். எதிர்பார்க்கும் மிகக் குளிர்ந்த இரவுக்கும் அந்த எண்ணுக்கும் நடுவே 3 டிகிரியாவது மிச்சம் இருக்கட்டும். வானிலை அறிக்கை அடிவாரத்து ஊருக்குச் சொல்வது என்பதையும் மறக்க வேண்டாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். தெளிந்த வானமுள்ள இரவில் பள்ளத்தாக்கின் அடியில் குளிர்காற்று இறங்கித் தேங்குவதால், மேட்டில் கூடாரம் போட்டவரைவிட ஓடைக்கரையில் போட்டவருக்கே அதிகம் குளிரும்.

அடிப்பக்கமும் தலைமூடியும் இல்லாத, போர்வை போன்ற குவில்ட், குழந்தைகளுக்கான பை ஆகியவற்றுக்கு இந்தத் தரம் பொருந்தாது. அவற்றில் போட்டிருக்கும் எண் நிறுவனம் தானாகச் சொல்வதுதான்.

எடைக்கு எவ்வளவு உப்பல்

தூவி தானாகச் சூடு தருவதில்லை. அது பிடித்து வைக்கும் அசையாத காற்றுதான் உடம்புச் சூட்டைக் காக்கிறது. எனவே பார்க்க வேண்டியது பை எவ்வளவு உப்பி நிற்கிறது என்பதை. ஃபில் பவர் என்பது ஒரு அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலம் விரிகிறது என்ற அளவு. 850 என்றால் ஒரு கிராம் தூவி ஏறக்குறைய 490 கன சென்டிமீட்டருக்கு உப்பும்; 650 என்றால் 375.

இந்த எண்ணைத் தனியாகப் பார்ப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 900 ஃபில் பவர் என்று பெருமையாகப் போட்டுவிட்டு உள்ளே 250 கிராம் மட்டும் அடைத்த பை, 650 ஃபில் பவரில் 450 கிராம் அடைத்த பையைவிடக் குளிரும். இரண்டு எண்களையும் பெருக்கிப் பாருங்கள்: முதலாவது 130 லிட்டர் அளவுக்கு உப்பும், இரண்டாவது 170 லிட்டர் வரும். உயர்ந்த ஃபில் பவரால் கிடைக்கும் லாபம் எடையில் மட்டுமே. 850-இல் 453 கிராம் செய்கிற வேலைக்கு 650-இல் 590 கிராம் வேண்டும். மிச்சம் 140 கிராம். முதுகில் சுமக்கிறவருக்கு அது பெரிது. வண்டியில் கொண்டுபோய் இறக்குகிறவருக்குப் பொருட்டே இல்லை.

ஆகவே எந்தப் பையை வாங்கும் முன்பும் அடைத்த தூவியின் எடையைக் கண்டுபிடியுங்கள். மொத்த எடையில் அது பாதிக்கு மேல் இருந்தால் அந்தப் பையை எடை குறைந்த பை என்று நம்பிச் சொல்லலாம். மூன்றில் ஒரு பங்குதான் என்றால் நீங்கள் சுமப்பதில் மூன்றில் இரண்டு பங்கு துணியும் ஜிப்பும்தான். தூவியின் எடையைச் சொல்லவே சொல்லாத நிறுவனத்தின் பையைத் தவிர்ப்பதே மேல்.

வெஸ்டர்ன் மவுன்டனியரிங் அல்ட்ராலைட்

183 செ.மீ அளவில் 820 கிராம் சொச்சம். உள்ளே 850-க்கு மேற்பட்ட ஃபில் பவரில் 453 கிராம் தூவி, அதாவது மொத்த எடையில் 55 சதவீதம். விரித்து வைத்தால் தரையிலிருந்து 12.5 செ.மீ உப்பி நிற்கும். முழு நீள ஜிப், கழுத்தைச் சுற்றித் தூவி அடைத்த பட்டை, ஜிப்புக்குப் பின்னால் காற்றைத் தடுக்கும் தூவிக் குழாய் எல்லாம் உண்டு. இத்தனையும் வைத்து இந்த எடைக்குள் முடித்திருப்பது உண்மையிலேயே பாராட்டுக்குரியது. பெயரோடு போட்டிருக்கும் மைனஸ் 7 நிறுவனம் வைத்த எண்தான் என்றாலும், உப்பலோடு ஒப்பிட்டால் நியாயமான எண். இதே நிறுவனத்தின் சம்மர்லைட் 10 செ.மீ உப்பி 0 டிகிரிக்கும், வெர்சாலைட் 15 செ.மீ உப்பி மைனஸ் 12-க்கும் வருகின்றன. வேறு எந்தப் பையைப் பார்த்தாலும் இந்த மூன்று அளவுகளை மனதில் வைத்துக்கொண்டு ஸ்கேலால் அளந்து பாருங்கள். லேபிள் மிகைப்படுத்துகிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

இதன் தூவி அறைகள் பையைச் சுற்றி ஜிப்பின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை இடையில் தடுப்பில்லாமல் ஓடுகின்றன. இதனால் தூவியை இடம் மாற்ற முடியும். குளிர் அதிகமுள்ள இரவுக்கு ஜிப்பை முழுக்கத் திறந்து பையை விரித்து, அடிப்பக்கத்திலிருந்து மேல்பக்கம் நோக்கி உள்ளங்கையால் ஒவ்வொரு அறையாகத் தட்டித் தள்ள வேண்டும். முதுகின் கீழ் நசுங்கிக் கிடக்கும் தூவியால் பயனில்லை. அதில் ஒரு பகுதியை மேலே கொண்டுவந்தால் சில டிகிரி கூடுதலாகத் தாங்கும். குளிர் குறைந்த இரவில் இதையே தலைகீழாகச் செய்யலாம். இந்த வசதியின் மறுபக்கம்: தூவி தானாகவும் நகரும். தொடர்ந்து சில இரவுகள் படுத்தபின் மார்புக்கு நேரே அறை காலியாகி, துணியும் துணியும் ஒட்டிக் கிடக்கும். படுக்கும் முன் தடவிப் பார்க்காவிட்டால் நடுராத்திரியில் குளிர் வந்து சொல்லும்.

தோள் சுற்றளவு 150 செ.மீ. நடுத்தர உடம்புக்கு நெருக்கமாக, கதகதப்பாக இருக்கும். அகன்ற தோள்காரர் இதற்குள் படுத்தால் தோள் துணியை உள்ளிருந்து தள்ளி, அந்த இடத்தில் தூவி நசுங்கும். அவர்களுக்கு அதே நிறுவனத்தின் அகலமான ஆல்பின்லைட் பொருந்தும். மூன்றில் ஒன்றைத்தான் வாங்க வேண்டும், எல்லா மலைக்கும் அதுதான் என்றால் அல்ட்ராலைட்டையே சொல்வோம்.

ஹைப்பீரியன் 20

சுமார் 570 கிராம். தலைமூடியோடு கூடிய முழுப் பையில் இது மிகக் குறைவான எடை. நீர் ஒட்டாதபடி பதப்படுத்திய 900 ஃபில் பவர் தூவி. மேல்பக்கம் அதிகமாகவும் அடிப்பக்கம் குறைவாகவும் அடைத்திருக்கிறார்கள். ஜிப் பாதி நீளம்தான். தோள் சுற்றளவு சுமார் 145 செ.மீ. எடை எங்கே குறைந்தது என்பது இப்போது புரிந்திருக்கும்.

மல்லாந்து படுப்பவருக்கு இது அருமையான பை. ஒருக்களித்துப் படுப்பவர்தான் கவனிக்க வேண்டும். பையும் உங்களோடு சேர்ந்து திரும்பினால் மெல்லிய அடிப்பக்கம் முதுகுக்குப் பின்னால் வெளியே வந்துவிடும். அங்கேதான் குளிர் ஏறும். பையை மேட்டோடு பிணைக்க நாடாக்கள் கொடுத்திருப்பது இதற்காகத்தான். அவை இல்லாமல் இந்தப் பையைப் பயன்படுத்தக் கூடாது. மேட்டின் நடுவிலும் தோளுக்கு நேரேயும் மாட்டிவிட்டு, பைக்குள் நீங்கள் மட்டும் திரும்பப் பழகுங்கள். பாதி ஜிப்பால் கால்பக்கம் திறந்து காற்று விட முடியாது. 10 டிகிரிக்கு மேற்பட்ட இரவில் புழுங்கும். தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தால் ஜாக்கெட், பை இரண்டின் தூவியும் நசுங்கும். ஜாக்கெட்டை மேலே போர்த்திக்கொள்வதுதான் சரி. கம்ஃபர்ட் 0 டிகிரி என்பதை ஏற்றுக்கொண்டு வாங்குகிறவரை இந்தப் பை ஏமாற்றாது.

ரெவலேஷன் 20

இது குவில்ட். அடிப்பக்கமும் தலைமூடியும் இல்லை; உடம்பின் கீழ் நசுங்கும் தூவி வேலை செய்யாது என்பதால் அதை எடுத்தே விட்டார்கள். 850 ஃபில் பவரில், சாதாரண நீளமும் அகலமும் உள்ளது சுமார் 600 கிராம். கால்பக்கம் குட்டி ஜிப்பும் இழுகயிறும் உண்டு. முழுக்கத் திறந்தால் போர்வை, மூடினால் பாதம் நுழையும் பை. நீளம், அகலம், ஃபில் பவர் எல்லாவற்றையும் ஆர்டர் கொடுக்கும்போது தேர்ந்தெடுக்கலாம். அகலத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். புரண்டு படுக்கும்போது ஓரம் தூக்கி உள்ளே காற்று புகுவதுதான் குவில்டின் நிரந்தரத் தொல்லை. அகலமானதை வாங்கினால் சில பத்து கிராம்தான் கூடும், அந்தத் தொல்லை பெரும்பகுதி தீரும்.

இழுகயிற்றை எவ்வளவு இறுக்கினாலும் கால்பக்கம் விரல் நுழையும் ஓட்டை மிஞ்சும். ஒரு காலுறையைச் சுருட்டி அதில் அடைத்துவிட்டால் போதும். தலைக்குத் தனியாகத் தூவிக் குல்லாயோ தலைமூடியுள்ள ஜாக்கெட்டோ வேண்டும். அந்த எடையையும் கணக்கில் சேர்த்தால் ஹைப்பீரியனைவிட இது இலகுவானது என்று சொல்ல முடியாது. வாங்கக் காரணம் எடை அல்ல, கை கால் நீட்டிப் படுக்கும் சுதந்திரம். 5 டிகிரிக்கு மேற்பட்ட இரவுகளில் இதைவிட வசதியானது வேறில்லை. அதற்குக் கீழே போகப் போக முழுப் பையே நிம்மதி.

மேட் இல்லாமல் எந்தப் பையும் சூடு தராது

அடிப்பக்கத்துத் தூவி உடம்பின் கனத்தில் நசுங்குவதால், தரையின் குளிரைத் தடுப்பது மேட் மட்டும்தான். குளிர்கிறது என்று பையை மாற்றுகிறவர்களில் பலர் மேட்டை மாற்றியிருக்க வேண்டியவர்கள். மேட்டின் தடுப்புத் திறனை ஆர்-மதிப்பு என்ற எண்ணால் சொல்வார்கள். ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற தரம் வந்தபின் நிறுவனங்களுக்கிடையே ஒப்பிட முடிகிறது. உறைநிலை இரவுக்கு 4-க்குக் குறையாமல் இருக்கட்டும். இரண்டு மேட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் எண்கள் அப்படியே கூடும்: ஆர் 2 உள்ள மடிப்பு ஃபோம் மேட்டின் மேல் ஆர் 4.5 உள்ள காற்று மேட்டைப் போட்டால் 6.5. பனியின் மேல் படுக்க அது போதும். காற்று மேட் ஓட்டையானாலும் ஃபோம் கைகொடுக்கும்.

தூவிக்குப் பதில் செயற்கை இழை எடுக்கலாமா? பல நாள் விடாத மழை, படகுப் பயணம், உலர்த்த வெயிலே கிடைக்காத காடு என்றால் எடுக்கலாம். நனைந்தாலும் ஓரளவு உப்பல் மிஞ்சும், சீக்கிரம் காயும். ஆனால் அதே கதகதப்புக்கு எடை கூடும், சுருட்டினால் பெரிதாக இருக்கும். தவிர, அழுத்தி அழுத்தி அடைப்பதால் இழை ஆண்டுக்கு ஆண்டு தட்டையாகிவிடும். தூவி போல் துவைத்து மீட்க முடியாது. இழைப் பை வாங்கினால் முதலிலேயே 5 டிகிரி கூடுதலாகத் தாங்குவதாக எடுங்கள்.

பைக்குள் போடும் மெல்லிய பட்டு உறையான லைனரைப் போட்டால் பத்து டிகிரி கூடும் என்று விற்பதை நம்ப வேண்டாம். பை அழுக்காகாமல் இருக்க அது நல்லது. சூட்டுக்கு 2 டிகிரி கூடினால் அதிகம். ஆடையில்லாமல் படுத்தால்தான் பை சூடாகும் என்பதும் தவறு. சோதனைப் பொம்மையே முழுக்கை உள்ளாடையோடுதான் படுத்திருக்கிறது.

கடையில் கையிலெடுத்ததும்

பையை விரித்து, நன்றாக உதறி, குறைந்தது அரை மணி நேரம் விடச் சொல்லுங்கள். பிறகு விளக்குக்கு நேரே ஒற்றை அடுக்காகத் தூக்கிப் பிடித்தால் ஒவ்வொரு அறையிலும் தூவி நிழலாகத் தெரியும். வெளிச்சம் அப்படியே ஊடுருவும் திட்டுகள் இருந்தால் அங்கே தூவி இல்லை. அடுத்து தையலைப் பாருங்கள். வெளித்துணியையும் உள்துணியையும் நேராகச் சேர்த்துத் தைத்திருந்தால் அந்தக் கோடு நெடுகத் தூவி கிடையாது. குளிர் அந்தக் கோட்டில் இறங்கும். உறைநிலைக்குப் பயன்படும் பையில் இரண்டு துணிகளுக்கும் நடுவே வலைத்துணித் தடுப்பு நின்று, அறைகள் பெட்டி போல இருக்க வேண்டும். விரலால் இரண்டு துணியையும் பிடித்து எதிரெதிராக இழுத்தால் நடுவில் தடுப்பு இருப்பது தெரியும்.

உள்ளே படுத்து ஜிப்பை ஒரே கையால் பத்து முறை ஏற்றி இறக்குங்கள். துணியைக் கடிக்கிறதா? ஓரத்தில் விறைப்பான நாடா இல்லாத மெல்லிய பைகள் கடிக்கும், அவசரத்தில் இழுத்தால் துணி கிழியும். கால்விரல் நுனி பையின் அடியைத் தொட்டு அழுத்தினால் அடுத்த நீளம் எடுங்கள். பாதம் குளிர்வதற்கு முதல் காரணம் இதுதான். ஒரு சாண் கூடுதலாக இருந்தால் அந்த வெற்றிடத்தையும் உடம்புதான் சூடாக்க வேண்டியிருக்கும். தலைமூடியின் கயிற்றை இறுக்கி, மூக்கும் வாயும் மட்டும் வெளியே தெரிய முடிகிறதா என்று பாருங்கள். மூச்சு உள்ளே போகக் கூடாது, அந்த ஈரம் தூவியில் தங்கிவிடும்.

ஈரம், துவைப்பு, கிழிசல்

தூவிப் பையைக் கெடுப்பது மழையைவிட உங்கள் உடம்பின் ஈரம்தான். இரவு முழுக்க வியர்வை ஆவி வெளியேறி, வெளித்துணிக்கு அருகே குளிர்ந்து தூவியில் படியும். ஓரிரவில் தெரியாது. நான்காம் இரவில் பை மெலிந்து, எடை கூடி, குளிரத் தொடங்கும். காலையில் எழுந்ததும் சூடு ஆறும் முன்னே பையை அமுக்கி ஈரக்காற்றை வெளியேற்றுங்கள். மதியம் நிற்கும் இடத்தில் அரை மணி நேரம் உள்பக்கத்தை வெளியே திருப்பி வெயிலில் போடுங்கள்.

வீட்டில் எப்போதும் பெரிய பருத்திப் பையிலோ வலைப்பையிலோ தளர்வாகத்தான் இருக்க வேண்டும். அமுக்குப் பையில் மாதக்கணக்கில் கிடந்தால் தூவி பழைய உப்பலுக்கு வராது. அடைக்கும்போது மடிக்காமல், சுருட்டாமல், கால்பக்கத்திலிருந்து பிடிபிடியாகத் திணியுங்கள். ஒரே கோட்டில் மடிப்பு விழாது.

துவைக்கத் தூவிக்கென்று விற்கும் சோப்பு மட்டும். சாதாரணத் துணி சோப்பு தூவியின் இயற்கை எண்ணெயை எடுத்துவிடும். துணி மென்மையாக்கி தூவியை ஒட்ட வைக்கும். டிரை கிளீனிங் கூடவே கூடாது. முன்கதவு மெஷினில் மென்மையான சுற்று, இரண்டு முறை அலசல். ஈரப் பையை ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் தண்ணீர்க் கனத்தில் உள்தடுப்புகள் கிழிந்துவிடும், எனவே இரண்டு கையாலும் அடியில் ஏந்தி எடுக்க வேண்டும். பெரிய டிரையரில் மிகக் குறைந்த சூட்டில், சுத்தமான டென்னிஸ் பந்துகள் இரண்டு மூன்றைச் சேர்த்துச் சுழல விடுங்கள். மூன்று நான்கு மணி நேரம் ஆகும். வெளியே காய்ந்துவிட்டது போல இருக்கும்போது விரலால் துழாவினால் உள்ளே ஈரக் கட்டிகள் தட்டுப்படும். அவை ஒன்றுகூட இல்லாமல் உதிரும்வரை நிறுத்தக் கூடாது. விட்டால் நாற்றம் பிடிக்கும்.

துணி வழியாக ஒரு இறகின் முனை எட்டிப் பார்த்தால் வெளியே பிடுங்காதீர்கள். பிடுங்கினால் ஓட்டை பெரிதாகி அதன் வழியே இன்னும் நான்கு வரும். மறுபக்கத்துத் துணியிலிருந்து இரண்டு விரலால் பிடித்து உள்ளே இழுத்துவிட்டு, அந்த இடத்தை நகத்தால் லேசாகத் தேய்த்தால் நெசவு மூடிக்கொள்ளும். கிழிசல் என்றால் தையல் வேண்டாம். ஆல்கஹாலால் துடைத்து, உலரவிட்டு, பசைநாடாவை மூலைகள் வட்டமாக இருக்கும்படி வெட்டி ஒட்டுங்கள். கூர்மூலை சீக்கிரம் எழும்பிவிடும்.